மூங்கில் குருத்தும் இளவரசியும்

ஒரு படத்தை எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் குழந்தைக்குக் கொஞ்சம் வேடிக்கை, பெரியவருக்குக் கொஞ்சம் கண்ணீர் என்று பங்கு பிரித்து வைத்த படத்தைத்தான் சொல்கிறோம். ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோவிலிருந்து 2013இல் வந்த ‘இளவரசி ககுயாவின் கதை’ அந்த வேலையைச் செய்வதில்லை. ஒரே காட்சியைத்தான் எல்லோர் முன்னாலும் வைக்கிறது. ஆனால் அதே காட்சியில் பேத்தி ஒருவரைப் பார்க்கிறாள், பாட்டி வேறொருவரைப் பார்க்கிறாள். நான் பார்த்த இளவரசிக் கதைப் படங்களில் இதற்கு மேலானது இன்னொன்று இல்லை.

கதை ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பழங்கதை. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் மூங்கில் வெட்டியின் கதை, ஜப்பானிய மொழியில் இன்று கிடைக்கும் புனைகதைகளிலேயே மிகப் பழையது. மூங்கில் வெட்டப் போன கிழவருக்கு ஒளிரும் மூங்கிலிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பெண் கிடைக்கிறாள். பேரழகியாக வளர்கிறாள். உயர்குடி மாப்பிள்ளைகள் ஐந்து பேர் வருகிறார்கள், பேரரசரே வருகிறார். யாரையும் ஏற்காமல் ஒரு பௌர்ணமி இரவில் தான் வந்த நிலவுக்கே திரும்பிப் போகிறாள். நடந்தது எல்லாம் பழைய கதையில் உண்டு. அவள் மனதில் என்ன ஓடியது என்பதற்குத்தான் அதில் இடம் குறைவு. இயக்குநர் இசாவோ தகாஹதா அந்த இடத்தில் நுழைகிறார்.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. குழந்தை தவளையைப் பார்த்து அதைப் போலவே தவ்வப் பார்க்கிறது. பிறகு தத்தித் தத்தி எழுந்து நிற்கிறது. அந்தப் பக்கத்துச் சிறுவர்கள் வாசலில் நின்று ‘மூங்கில் குருத்தே’ என்று பட்டப்பெயர் சொல்லிக் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். கிழவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ‘இளவரசி, இளவரசி’ என்று அவரும் கூப்பிடத் தொடங்குகிறார். சிறுவர்கள் குரலை உயர்த்த, இவரும் உயர்த்துகிறார். கடைசியில் கிட்டத்தட்ட அழுகையாகவே ஆகிவிடுகிறது. குழந்தை திரும்பி அவரை நோக்கி வருகிறது. அள்ளி எடுத்து அணைத்துக்கொண்டு தேம்புகிறார். சின்னப் பிள்ளைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குழந்தை உருளும் விதமும் குப்புற விழும் விதமும் அவ்வளவு அசல். பெற்றவர்களுக்கோ தொண்டை அடைக்கும். முழுப் படமும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஊர்ப்பிள்ளைகள் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அப்பா இன்னொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவள் அப்பாவிடம் போகிறாள். அவள் பட்ட கஷ்டமெல்லாம் அங்கே தொடங்குகிறது.

ஏனென்றால் அடுத்தடுத்து மூங்கிலிலிருந்து தங்கம் கொட்டுகிறது, பட்டுத் துணி வருகிறது. இவளை இளவரசியாக வளர்க்கச் சொல்லி வானம் தரும் கட்டளை இது என்று கிழவர் முடிவு செய்கிறார். தலைநகரில் மாளிகை கட்டுகிறார். அரசவை மரியாதைகள் கற்றுத் தர ஒரு சீமாட்டியை அமர்த்துகிறார். மலைச்சரிவில் முலாம்பழம் திருடித் தின்று, மரக்கிண்ணம் கடைகிறவர்களின் மகனான சுத்தெமாருவோடு சுற்றித் திரிந்தவளை, சொல்லிக்கொள்ளக்கூட விடாமல் ஊரைவிட்டுக் கூட்டிப் போகிறார்கள்.

இந்தக் கிழவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு தேவதைக் கதையில் பெண்ணை அடைத்து வைக்கிறவர்கள் சிற்றன்னையாகவோ சூனியக்காரியாகவோ இருப்பார்கள். 1937இல் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வந்த காலத்திலிருந்து அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கெட்டவள் மலையிலிருந்து விழுந்ததும் பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விடலாம். ககுயாவின் கதையில் விழுவதற்கு அப்படி ஒருவரும் இல்லை. அவளை மூச்சுமுட்ட வைப்பது முழுக்க முழுக்க அப்பாவின் பாசம். பணத்தைத் தனக்கென்று அவர் பதுக்கவில்லை. மகளுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை வேறு இருக்க முடியாது என்று அடிமனதிலிருந்து நம்புகிறார். பழக்கமில்லாத உயரத் தொப்பியைச் சூடிக்கொண்டு, கனவான்களுக்கு முன்னால் தடுமாறிக் குழைந்து நிற்கிறார். பார்க்கிற நமக்கு அவர்மேல் கோபம் வரும் அதே நொடியில், அவரை யாரும் எள்ளி நகையாடிவிடக் கூடாதே என்ற பதற்றமும் வருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வரவழைப்பது லேசான காரியம் அல்ல.

சீமாட்டியின் பாடங்களில் புருவத்தைப் பிடுங்குவதும் பல்லைக் கறுப்பாக்குவதும் உண்டு. அந்தக் காலத்து மேட்டுக்குடி அழகு அதுதான். ககுயா மறுத்துக் கேட்பவை மிக எளிய கேள்விகள். புருவம் இல்லாவிட்டால் வியர்வை கண்ணில் விழாதா? பல் கறுப்பாக இருந்தால் வாய்விட்டுச் சிரிப்பது எப்படி? இந்தக் காட்சியில் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கூடவே பார்த்த என் அம்மாவின் கண் வேறு பக்கம் இருந்தது. மாளிகையின் பின்கட்டில், பழைய குடிசையைப் போலவே ஒரு சின்ன இடத்தை வைத்துக்கொண்டு, நூல் நூற்று, தறியில் நெய்து, சிறு தோட்டம் போட்டு வாழும் கிழவரின் மனைவியைத்தான் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘இவளுக்கு எல்லாம் தெரியும், ஆனா பேச மாட்டா’ என்றாள். ககுயா மனசு வாடும்போதெல்லாம் அந்தப் பின்கட்டுக்குத்தான் ஓடி வருகிறாள்.

பெயர் சூட்டும் விருந்துதான் படத்தின் நடுத்தூண். உள்ளே திரைக்குப் பின்னால் அவள் தனியாக அமர்ந்திருக்க, வெளியே குடித்துவிட்டு வந்தவர்கள் அவள் முகத்தைக் காட்டச் சொல்லி அப்பாவைச் சீண்டுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய இளவரசிப் பட்டம்தானே என்கிறார்கள். அவள் கையில் இருந்த சிப்பி நொறுங்குகிறது. எழுந்து ஓடுகிறாள். அதுவரை மென்மையான நீர்வண்ணமாக இருந்த படம் அந்தக் கணத்தில் வேறாகிவிடுகிறது. அடுப்புக் கரியை எடுத்து ஆத்திரத்தோடு சுவரில் இழுத்ததுபோல் கோடுகள் தடிக்கின்றன, உடைகின்றன, சிதறுகின்றன. கதவுகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கின்றன. தெருவும் மரமும் முகமும் கோடுகளாகக் கரைகின்றன. மேலே பெரிய நிலா மட்டும் அசையாமல் நிற்கிறது. கோபத்தை ஒருவர் முகத்தில் காட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே படம் வரைந்த கையே கோபப்படுகிறது. அனிமேஷன் என்ற கலையால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது; நடிகரை வைத்து எடுக்கும் எந்தப் படத்தாலும் முடியாது.

இப்படியொரு படத்தை உருவாக்கிய தகாஹதா ஓவியர் அல்லர். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். வரையத் தெரிந்தவர்களைக் கொண்டு, தான் மனதில் பார்த்ததை வரையவைத்தவர். இந்தப் படத்துக்கு அவருக்குக் கை கொடுத்தவர்கள் பாத்திரங்களை வடிவமைத்த ஒஸாமு தனாபேயும், பின்னணி ஓவியங்களைக் கவனித்த கஸுவோ ஓகாவும். வழக்கமான அனிமேஷனில் பின்னணி ஒரு பாணியிலும் ஆட்கள் வேறு பாணியிலும் இருப்பார்கள். இதில் இரண்டும் ஒரே தூரிகையிலிருந்து வந்தவை போல இருக்கின்றன. படச்சட்டத்தின் ஓரங்கள் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கின்றன. ஜப்பானின் பழைய சுருள் ஓவியங்களை ஆழ்ந்து படித்து நூலே எழுதியவர் தகாஹதா. முழுதாகத் தீட்டிவிடாமல் விட்ட இடத்தைப் பார்க்கிறவரின் நினைவு வந்து நிரப்பும் என்பது அவர் நம்பிக்கை. உருவாக்க 8 ஆண்டுகள் ஆனதாகச் சொல்கிறார்கள். செலவு ஏறக்குறைய 500 கோடி யென். ஜப்பானியத் திரையரங்குகளில் திரும்பி வந்தது அதில் பாதியளவுதான். 2015இல் ஆஸ்கரின் இறுதிப் பட்டியல்வரை சென்றது. கணக்குப் பார்த்திருந்தால் இந்தப் படம் பிறந்தே இருக்காது. கணக்குப் பார்க்காமல் பணம் போட்டவர்களுக்கு நான் நன்றியுடையவள்.

தகாஹதா 1974இல் ‘ஹைதி’ தொலைக்காட்சித் தொடரை இயக்கியவர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். ஆல்ப்ஸ் மலையில் ஆட்டுக்குட்டிகளோடு திரிந்த சிறுமியை பிராங்க்ஃபர்ட் நகரத்துப் பெரிய வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கண்டிப்பான ஓர் அம்மாள் அவளுக்கு ஒழுங்கு கற்றுத் தருகிறாள். மலை ஏக்கத்தில் தூக்கத்திலேயே எழுந்து நடக்கிறாள். ஹைதிக்கு மலைக்குத் திரும்பும் வழி இருந்தது. ககுயாவும் விருந்திலிருந்து ஓடிப் பழைய மலைக்குப் போகிறாள். அங்கே யாரும் இல்லை. கிண்ணம் கடைகிறவர்கள் மரம் தேடி வேறு மலைக்குப் போய்விட்டார்கள். காடு மறுபடி தழைக்கப் பத்தாண்டு ஆகும், அதன் பிறகே வருவார்கள் என்கிறார் அங்கே கரி சுடும் ஒருவர். ஒன்பது வயதில் ஒக்கயாமா நகரத்தின்மேல் குண்டு விழுந்த இரவில் உயிர் தப்பியவர், பின்னால் ‘மின்மினிகளின் கல்லறை’யை எடுத்தவர், விட்டுவந்த இடம் நமக்காகக் காத்திருக்கும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவில்லை.

ஐந்து மாப்பிள்ளைகளின் கதை வேடிக்கையாக ஓடும். புத்தரின் கல் திருவோடு, மணிகள் காய்க்கும் கிளை, தீயில் வேகாத தோலாடை, டிராகன் கழுத்து மணி, தகைவிலான் கூட்டிலிருக்கும் சோழி என்று ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்கிறாள். போலிகள் அம்பலமாகும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். கடைசி ஆள் சோழி எடுக்க ஏறி விழுந்து இறந்துபோகிறான். சிரித்த வாய் அப்படியே நின்றுவிடும். பின்கட்டுத் தோட்டத்தில் தன் பழைய ஊரின் சாயலில் அவள் பார்த்துப் பார்த்து அமைத்த குட்டி மலையையும் காட்டையும் அன்றைக்குத் தன் கையாலேயே அழிக்கிறாள்.

நிலவிலிருந்து அழைத்துப்போக வருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அப்பாவிடம் மனம் திறக்கிறாள். நீங்கள் எனக்காக ஆசைப்பட்ட சந்தோஷம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்கிற பொருளில் அவள் சொல்ல, கிழவர் நொறுங்கிப்போகிறார். அந்தக் கிழவருக்குக் குரல் கொடுத்தவர் தாகேயோ சீ. இந்தப் படத்தில் நடிகர்களின் குரலை முதலிலேயே பதிவு செய்து, அதற்கேற்பப் பிறகு வரைந்தார்கள். படம் வருவதற்கு முந்தைய ஆண்டே, 2012இல், அவர் காலமானார். அவருடைய கெஞ்சலையும் கேவலையும் கேட்டுக் கேட்டு ஓவியர்கள் அந்த முகத்தை வரைந்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு, ‘இளவரசி’ என்று அவர் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

நிலவிலிருந்து வரும் ஊர்வலத்துக்கு ஜோ ஹிசாய்ஷி தந்திருக்கும் இசையைச் சொல்லாமல் விட முடியாது. தகாஹதா படத்துக்கு அவர் இசையமைத்தது இதுவே முதல் முறை. மகளைப் பறிகொடுக்கும் காட்சிக்கு எந்த இசையமைப்பாளரும் வயலினைத் தேடுவார். இங்கே மேகத்தின்மேல் வருகிறவர்கள் துள்ளலான, களிப்பான மெட்டை வாசித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குத் துக்கம் என்றால் என்னவென்றே தெரியாது, ஆகவே இசையிலும் அது இருக்காது. பயங்கரமான சந்தோஷம் அது. அவள்மேல் ஒரு மெல்லிய ஆடையைப் போர்த்தினால் பூமியின் நினைவெல்லாம் போய்விடும். பூமி அழுக்கானது என்கிறாள் வந்தவர்களில் ஒருத்தி. ககுயா அதை மறுத்து, பறவையும் பூச்சியும் புல்லும் மனிதர்களின் பாசமும் நிறைந்த இடம் இது என்று படபடவென்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஆடை தோளில் விழுகிறது. முகம் வெறுமையாகிறது. படத்தில் சாவு போல எனக்குப் படுவது அந்த வெறுமைதான்.

137 நிமிடம். மிகச் சின்னப் பிள்ளைகள் நடுவில் நெளிவார்கள். அவர்களுக்கு மலைக்கிராமப் பகுதியை மட்டும் போட்டுக் காட்டினாலும் போதும், பூச்சிகளுக்கும் காய்களுக்கும் நடுவில் அவர்கள் மகிழ்ந்து கிடப்பார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் முழுதாகப் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் அப்படிப் பார்த்த அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க வாக்குவாதம்தான். ‘அந்தப் பிள்ள முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுஷன் கேட்டிருப்பாரு’ என்றாள் அம்மா.

‘சொன்னா தாத்தா அழுவாங்கல்லா ஆச்சி?’ என்றாள் மகள்.

‘அழுதா அழட்டும். அழுது முடிச்சிட்டு மறுநாளே ஊருக்குத் திரும்பியிருப்பாரு. மூங்கி வெட்டிப் பழகுன கைதான.’

‘அப்போ அவ்வளவு பெரிய வீட்ட என்ன செய்ய?’

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. ககுயாவோடு கூடவே திரிந்து, எல்லோரும் மயங்கிக் கிடந்த கடைசி இரவிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடியபடி நடந்து வந்தாளே, அந்த வட்ட முகக் குட்டிப் பணிப்பெண், அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாள். மகளுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.