பெயர் சொல்லும் இடம்

செஞ்சிக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரி? ராஜகிரி அடிவாரத்தில் நின்றால், 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜன் கதையை யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள்.

2025-இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; மற்றொன்று நம் செஞ்சி. அந்தச் சொந்தத்தில்தானோ என்னவோ, அங்கே நின்றபோது மும்பையில் கிர்காவ் கடற்கரைச் சிலை நினைவுக்கு வந்தது. அது ராஜாவின் சிலையல்ல. துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ் உதவி சப்-இன்ஸ்பெக்டருடையது.

2008 நவம்பர் 26 இரவு அவர் கையில் வெறும் லத்திதான். பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலை இறுகப் பற்றினார். குண்டுகள் துளைத்தும் பிடியை விடவில்லை. கசாப் உயிரோடு அகப்பட்டான். ஓம்ப்ளே மாண்டார். 2009-இல் அசோக சக்ர விருது அவர் வீட்டாரிடம் வந்தது, அவர் வரவில்லை.

தேசிங்குக்குக் குதிரை இருந்தது, கோட்டை இருந்தது, கதை பாட ஆளும் இருந்தது. ஓம்ப்ளேக்கு யார் பாடுவது? குழந்தைகளைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் அழைத்துப் போகும் நாம்தான். அடுத்த முறை, பலகையில் ஒரு பெயரைப் பார்த்தால், ஊஞ்சலுக்கு ஓடுமுன் ஒரு நிமிஷம் நிறுத்தி, "இவர் யார் தெரியுமா, கண்ணா?" என்று கேளுங்கள். சொல்ல ஆளில்லாவிட்டால் பெயர் வெறும் அடையாளப் பலகைதானே!