பொற்கொல்லரின் மகன் கேம்பிரிட்ஜில்

மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட பினாங்கு இளைஞர் ஒருவருக்கு 1896ஆம் ஆண்டில் உள்ளூரில் வழியே இல்லை. இன்று அதே தீவில், 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அன்றோ மலாயா முழுவதிலும் தேடினாலும் ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. பக்கத்துச் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டதே 1905ஆம் ஆண்டில்தான். ஆகவே, மருத்துவராக வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும். கப்பல் ஏறவும் அங்கே சில ஆண்டுகள் தங்கிப் படிக்கவும் பணம் வேண்டும். பொற்கொல்லர் ஒருவரின் மகனுக்கு, அதுவும் பதினொரு பிள்ளைகள் உள்ள வீட்டில், அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

அந்த மகனின் பெயர் ஙோ லியன் டக். 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். தந்தை தென்சீனாவின் தைஷான் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தாயார் இந்நாட்டிலேயே பிறந்தவர். லியன் டக் படித்தது பினாங்கு ஃபிரீ ஸ்கூலில். தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி அது. 1816ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இப்போது கிரீன் லேனில் இருக்கும் அப்பள்ளி, அன்று ஃபார்குவார் சாலையில் இருந்தது. பள்ளி 1928இல் இடம் மாறிய பிறகு பழைய கட்டடம் வேறு பயன்பாட்டுக்குச் சென்று, பின்னாளில் மாநில அருங்காட்சியகமாயிற்று.

நீரிணைக் குடியேற்றங்களான சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மாணவர்களுக்காக 1885ஆம் ஆண்டு ஓர் உதவித் திட்டம் உருவாக்கப்பட்டது. அதுதான் மகாராணியார் உபகாரச் சம்பளம். தேர்வில் முதன்மையாகத் தேறும் ஒரு சிலருக்கு மட்டுமே அது கிடைக்கும். மற்றவர்களுக்கு அதே நகரத்தில் எழுத்தர் வேலையோ ஆசிரியர் வேலையோதான். ஒரு தேர்வில் சில மதிப்பெண்கள் கூடினாலும் குறைந்தாலும் வாழ்க்கை வேறு திசையில் போய்விடும் என்னும் நிலை. லியன் டக் தேறினார். 1896ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

அன்று விமானம் ஏது? இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சூயஸ் கால்வாய் வழியாகப் பல வாரங்கள் கடலிலேயே கழிய வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்து சேரவும் அத்தனை வாரங்கள் ஆகும். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், அந்தச் செய்தி மாணவர் கைக்குக் கிடைக்கும்போது அவர் குணமடைந்திருப்பார். அல்லது இறந்தே போயிருப்பார். இன்று வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை இரவு உணவு சாப்பிட்டாயிற்றா என்று தாய் கைப்பேசியில் முகம் பார்த்துக் கேட்கிறார். அந்தத் தலைமுறை மாணவர்களின் தனிமையை இந்தக் காலத்தை வைத்து அளக்க முடியாது.

கேம்பிரிட்ஜில் அவர் சேர்ந்தது இமானுவேல் கல்லூரி. 1584ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி அது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குத் தம் பெயரைத் தந்த ஜான் ஹார்வர்டும் அங்குப் படித்தவரே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற முதல் சீன வம்சாவளி மாணவர் என்று லியன் டக்கைக் குறிப்பிடுவார்கள். முதல் ஆள் என்பதில் பெருமை உண்டு. ஆனால், வழி கேட்பதற்கு முன்னால் போனவர் யாரும் இல்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

அங்கே அவருடைய பெயரே மாறிப்போயிற்று. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். சொந்தப் பெயர் பின்னால் வரும். ஆங்கிலேயருக்கோ கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர். ஆகவே, பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் ‘ஜி. எல். டக்’ ஆனார். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மாணவர்களும் ஐரோப்பியப் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பதுண்டு. அப்பாவின் பெயரால் ஆசிரியர் அழைக்க, யாரையோ கூப்பிடுகிறார் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கட்டம் மாறவில்லை.

1899ஆம் ஆண்டு இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறிப் பட்டம் பெற்றார். அடுத்த மூன்று ஆண்டுகள் இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் நோயாளிகளிடையே பயிற்சி. (அந்த மருத்துவமனையின் பள்ளியில் 1901ஆம் ஆண்டு இன்னொரு மாணவர் சேர்ந்தார். அவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பின்னாளில் பென்சிலினைக் கண்டறிந்தவர்.) 1902இல் மருத்துவப் பட்டமும் கிடைத்துவிட்டது. உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்ற வேலை அத்தோடு முடிந்தது என்று அவர் ஊர் திரும்பியிருக்கலாம்.

அவர் திரும்பவில்லை. அவருடைய ஐரோப்பியப் படிப்பின் சிறப்பான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். முதலில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போனார். அங்கே இருந்தவர் ரொனால்டு ராஸ். மலேரியா கொசுவின் வழியாகப் பரவுகிறது என்பதை இந்தியாவின் செகந்திராபாத்தில் 1897ஆம் ஆண்டு கண்டறிந்து, 1902இல் நோபல் பரிசு பெற்றவர். பிறகு ஜெர்மனியின் ஹாலே நகரில் பேராசிரியர் கார்ல் ஃபிராங்கலிடம் நுண்ணுயிரியல். அதன்பின் பாரிசின் பாஸ்டர் ஆய்வகத்தில் எலி மெச்னிகோஃப். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்துக்குள் மூன்று நாடுகள், மூன்று மொழிகள், மூன்று ஆய்வுக்கூடங்கள். ரணஜன்னிக் கிருமியைப் பற்றிய ஆய்வேட்டைத் தம் இருபத்து நான்காம் வயதில் எழுதி முடித்தார்.

இந்த ஆய்வுக்கூடங்களில் அவர் பழகிக்கொண்ட வேலை வெளிப்பார்வைக்குச் சிறியது. நோயாளியின் இரத்தத்தையோ சளியையோ கண்ணாடித் தகட்டில் தடவ வேண்டும், சாயமேற்ற வேண்டும், நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். பெரியவர் ஒருவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலும், தகட்டில் தெரிவதுதான் கணக்கு.

1903ஆம் ஆண்டு அவர் ஊர் திரும்பினார். அந்நாளில் மலாயாவில் அவரளவு படித்த மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், அரசாங்க மருத்துவச் சேவையில் உயர் அதிகாரிப் பதவிகள் ஐரோப்பிய வம்சாவளியினருக்கே உரியவை. ஆசியர் எவ்வளவு படித்திருந்தாலும் உதவி நிலையில்தான் இருக்க முடியும். அதே அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில், அதே நாட்டின் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவருக்கு இந்த நிலை. தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்து, கடல் கடந்து அனுப்பி, திரும்பி வந்தபின் கதவைச் சாத்துவது என்ன நியாயம் என்று இன்று படிப்பவர்க்கும் கேட்கத் தோன்றும்.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஏறக்குறைய ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பின்னர்ப் பினாங்கில் சொந்த மருத்துவகம் திறந்தார். வந்த நோயாளிகளில் அபினால் சீரழிந்தவர்கள் பலர். அன்று அபின் விற்பனை சட்டத்துக்கு உட்பட்ட வணிகம். அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. மருத்துவர் சும்மா இருக்கவில்லை. பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றுக் கூட்டங்கள் நடத்தினார். 1907ஆம் ஆண்டு அவருடைய மருத்துவகம் சோதனையிடப்பட்டது. மருந்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் அங்கே கிடைத்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தார் என்று வழக்கு, அபராதம். அபினை எதிர்த்தவர்மீதே அபின் வழக்கு!

அந்த வேளையில் சீன அரசாங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜின் நகரின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர் பதவி. 1908இல் அவர் போனார். மூதாதையர் நாடுதான், ஆனால், மாண்டரின் மொழியை அவர் அங்கே போன பிறகுதான் முறையாகக் கற்றுத் தேற வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் அந்நியராக இருந்தவர், சீனாவிலும் ஒருவகையில் அந்நிய மாணவரே. அவருடைய பெயரும் மீண்டும் மாறியது. அதே மூன்று எழுத்துகளை மாண்டரினில் படித்தால் வூ லியன் தே. உலகம் அவரை அறிந்தது அந்தப் பெயரில்தான்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியது. காய்ச்சலும் இருமலுமாய்ப் படுத்தவர்கள் ஓரிரு நாளில் இரத்தம் கக்கி இறந்தார்கள். டிசம்பர் 24ஆம் நாள் வூ லியன் தே ஹார்பின் நகரை அடைந்தார். எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால்தான் கொள்ளைநோய் பரவும் என்பது அப்போதைய அறிவு. அவருக்கு அது போதவில்லை. இறந்த உடலை அறுப்பதை அந்நாளைய சீன வழக்கம் ஏற்கவில்லை. ஆயினும், இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை யாருக்கும் தெரியாமல் அறுத்துச் சோதித்தார். ஹாலேயிலும் பாரிசிலும் பழகிய அதே வேலை: தகடு, சாயம், நுண்ணோக்கி. நுரையீரலில் கிருமி நிறைந்திருந்தது. நோய் எலியிடமிருந்து அன்று, மூச்சின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கே தாவுகிறது என்று அவர் முடிவுகட்டினார்.

பருத்தியையும் மெல்லிய துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து, மருத்துவர் முதல் பிணம் தூக்குவோர்வரை எல்லாரும் அணிய வேண்டும் என்றார். உதவிக்கு வந்திருந்த பிரெஞ்சு மருத்துவர் மெனி வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அவர் இந்த இளைஞரின் கருத்தை ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அவரும் அதே நோயில் இறந்தார். அதன்பின் முகக்கவசத்தை மறுத்துப் பேசும் துணிவு ஹார்பினில் எவருக்கும் வரவில்லை.

நிலம் பனியில் உறைந்து கல்லாகிவிட்டதால், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. அவற்றை எரிப்பது சீன மரபுக்கு முரண். அரசரின் அனுமதியைக் கேட்டுப் பெற்று, 1911 ஜனவரி 31ஆம் நாள் எரிக்கச் செய்தார். ரயில் பயணங்கள் கட்டுப்படுத்தப்பட்டன, நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டனர். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. அதற்குள் மஞ்சூரியப் பகுதியில் ஏறக்குறைய 60,000 பேர் மாண்டிருந்தனர். அந்த ஏப்ரலில் முக்டன் நகரில் கூடிய அனைத்துலகக் கொள்ளைநோய் மாநாட்டுக்குப் பதினொரு நாடுகளின் அறிஞர்கள் வந்தார்கள். தலைமை இருக்கையில் அமர்ந்தவர், பினாங்கில் உயர் அதிகாரிப் பதவிக்குத் தகுதியற்றவராய்க் கருதப்பட்ட முப்பத்திரண்டு வயது மருத்துவர். 1935இல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

1937ஆம் ஆண்டு போர் மூண்டபோது அவர் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் குடியேறினார். பட்டங்களும் புகழும் இருந்தும், அங்கே ஒரு சாதாரண மருத்துவகத்தை நடத்தினார். முதிய வயதில் ஊராரிடம் நன்கொடை திரட்டிப் பேராக் நூலகம் உருவாக உழைத்தார். இன்று அது துன் ரசாக் நூலகம். கப்பல் ஏறாமலே ஈப்போப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அச்சிட்ட ஊர் கேம்பிரிட்ஜ். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் டக் என்று பதிவு செய்யப்பட்ட அதே ஊரிலிருந்து, வூ லியன் தே என்னும் பெயர் பொறித்த நூல் கப்பலில் மலாயாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தாம் பிறந்த பினாங்கிலேயே, எண்பதாம் வயதில் அவர் காலமானார். அவர் பெயரால் ஒரு குடியிருப்புப் பகுதி கிரீன் லேனில், அவர் படித்த பள்ளிக்கு அருகிலேயே இருக்கிறது.