பகவதிக்காக ஓர் இராமாயணம்

பாலக்காட்டுக் கோயில்களில் விடிய விடியக் கம்பன் பாடப்படுகிறான். கேட்பதற்குத்தான் மனிதர்கள் இல்லை

நள்ளிரவு தாண்டினால் பகவதி கோயில் திடலில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. வெடி வழிபாடு முடிந்திருக்கும், கடைக்காரர்கள் சாக்கை இழுத்து மூடியிருப்பார்கள். திடலின் ஓரத்தில் நீண்டு கிடக்கும் கூத்துமாடத்தில் மட்டும் வெளிச்சம். வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருபத்தோரு விளக்குகள். திரையில் இராமனும் இலக்குவனும் நிழலாக உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு குரல் கம்பனின் விருத்தத்தைப் பாடுகிறது. பாட்டு முடிந்ததும் இன்னொரு குரல் 'உம்' கொட்ட, முதல் குரல் பொருள் சொல்லத் தொடங்குகிறது. உச்சரிப்பில் மலையாளம் தோய்ந்திருக்கிறது. ஆனாலும் சொல் தமிழ்தான். முன்னால் வெற்றுத் தரையும், எப்போதாவது போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒருவரும். அவரும் பொழுது விடிந்தபிறகே எழுந்திருப்பார்.

இதில் யாருக்கும் வருத்தமில்லை. கூத்துமாடம் கோயிலைப் பார்த்து நிற்கிறது; கூத்து நடப்பது பகவதிக்காக. இராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். தாரிகனை வென்று திரும்பியவளுக்கு இராவண வதத்தைக் காணவில்லையே என்ற குறை. அதைத் தீர்க்கச் சிவன் ஏற்பாடு செய்ததே இந்தப் பாவைக்கூத்து என்பது ஊர்க் கதை. ஆகவே அவள் ஒருத்தி பார்த்தால் போதும். உலகத்தில் எந்த நாடகக் கம்பெனிக்கும் இப்படி ஒரு நிரந்தர ரசிகை கிடைத்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக ரயிலில் போனால், மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று விலகி வழிவிடும் இடத்தில் பாலக்காடு வருகிறது. சுமார் முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள இந்தக் கணவாய் வழியாகத்தான் நெசவாளர், வணிகர், வேளாளர், அக்கிரகாரத்துப் பிராமணர் எனப் பல தரப்பினரும் தலைமுறை தலைமுறையாக மேற்கே போனார்கள். கூடவே மொழியும் போனது. மலபார் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு சேர்ந்தது. கோடு போட்டவர்கள் நிலத்தின் மீதுதான் போட்டார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்றும் கடைத்தெருவில் தமிழ் கேட்கிறது. ஆனால் தோல்பாவைக்கூத்தின் இதயமான கூனத்தறை, கவளப்பாறை, பாலப்புறம் போன்ற ஊர்கள் எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளே, ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கம், பாரதப்புழையை ஒட்டி இருக்கின்றன. சுற்றிலும் சுத்த மலையாளம். அங்கே கம்பன் எப்படிப் போய்ச் சேர்ந்தான்?

கூத்துக் கலைஞர்கள் சின்னத்தம்பி என்ற முன்னோரின் பெயரைச் சொல்கிறார்கள். மேல்சாதியார் கூடிக் கம்பராமாயணம் படித்த இடத்தில் இவருக்கு இடம் மறுக்கப்பட்டது, அந்தக் கோபத்தில் சாமானியருக்கும் புரியும்படி கூத்தாக்கினார் என்பது மரபு. இது வரலாறா என்பதைவிட, இந்தக் கதையைத் தலைமுறைகளாக விடாமல் சொல்லிவருகிறார்கள் என்பதே முக்கியம். படிப்பு மறுக்கப்பட்டவர் உண்டாக்கிய கலையில் தலைமைக் கலைஞருக்குப் பெயர் 'புலவர்'. தமிழ்நாட்டில் புலவர் என்றால் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் நினைவுக்கு வருவார். இங்கே புலவர் ஆட்டுத் தோலைச் செதுக்குகிறார், விளக்குக்கு எண்ணெய் விடுகிறார், விடிய விடியப் பாடுகிறார்.

சும்மா வந்த பட்டமல்ல. முழுக் கூத்தை நடத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் மனப்பாடமாக வேண்டும். கம்பனின் பத்தாயிரத்துச் சொச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாட்டுக்குப் பாட்டு உரை சொல்ல இலக்கணம், புராணம், ஜோதிடம், கொஞ்சம் சமஸ்கிருத சுலோகம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பாட்டும் உரையும் சேர்ந்த பிரதிக்கு 'ஆடல்பற்று' என்று பெயர். பலர் அதை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாமல் தமிழ் விருத்தம் பாடுகிறவர்கள் உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு நேரம் பாடுவார்களா என்பது சந்தேகம்.

அறுவடை முடிந்து தை பிறந்ததும் பருவம் ஆரம்பம். வைகாசி வரை நீளும். சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் பதினான்கு, கவளப்பாறை ஆரியங்காவு போன்ற இடங்களில் இருபத்தோரு இரவு. பாலப்புறத்துச் சினக்கத்தூர் கோயிலில் பூரத் திருவிழாவை ஒட்டிக் கூத்து நடக்கிறது. மாலையில் கோயில் விளக்கிலிருந்து எடுத்த நெருப்பு கூத்துமாடத்துக்கு வருகிறது. கொண்டுவருபவர் சாமியாடி, மலையாளத்தில் வெளிச்சப்பாடு. அந்த நெருப்பால் திரைக்குப் பின்னுள்ள விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். திரை இரு நிறம். மேலே வெள்ளை, கீழே கறுப்பு. கறுப்பைப் பாதாளம் என்கிறார்கள். நகராமல் பேசிக்கொண்டிருக்கும் பாவைகளைத் திரையில் முள்ளால் குத்தி நிறுத்துகிறார்கள். குண்டூசி வந்து எத்தனையோ காலமாகியும் முள் போகவில்லை. பாவைகள் ஒரு காலத்தில் மான் தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆடும் எருமையும் அந்த இடத்துக்கு வந்தன. பழைய மான் தோல் பாவைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பொன்னைப் போலப் பாதுகாக்கின்றன.

முதலில் திரையில் வருவது இராமனல்ல, இரண்டு பட்டர் பாவைகள். கடவுள் வாழ்த்துப் பாடி, குருவை வணங்கி, அன்றைய இரவுக்குக் காசு கொடுத்தவர்களை வாழ்த்திவிட்டுத்தான் கதை தொடங்கும். யாருக்குக் கல்யாணம் ஆகவேண்டும், யாருக்குக் காய்ச்சல் தீரவேண்டும் என்பதெல்லாம் பகவதியின் காதில் போடப்படுகிறது. கொடுத்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவருடைய விண்ணப்பம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும்.

இருபத்தோரு இரவுக் கதை வழக்கமாகப் பஞ்சவடியில் ஆரம்பித்துப் பட்டாபிஷேகத்தில் முடிகிறது. அதாவது போர்தான் மையம், பகவதி பார்க்கத் தவறியது அதைத்தானே. ஆனால் இது கம்பனை அப்படியே ஒப்பிப்பதல்ல. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவம் செய்துகொண்டிருக்கும்போது இலக்குவன் கையால் சாகிற கதை இங்கே உண்டு, கம்பனிடம் இல்லை. சமண இராமாயணங்களில் வேறு வடிவில் வரும் கதை, எந்த வழியாகவோ பாரதப்புழைக் கரைக்கு வந்திருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயாகச் சூர்ப்பணகை திரையில் வரும்போது, மூக்கறுபடுவதற்காகவே வந்த அரக்கியாக அவளைப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. கம்பன் பாட்டை வைத்துக்கொண்டே கம்பனோடு வாதாடும் வேலை இது. ஒரு சொல்லுக்கு ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர் மறுக்க, நடுவே ஒரு கிளைக்கதை புக, போர்க்களத்தில் அம்பு நாணில் ஏறிய நிலையிலேயே அரைமணி நேரம் நிற்கும்.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980களில் இரவிரவாக இதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். 1996இல் வெளியான அவருடைய 'இன்சைட் த டிராமா ஹவுஸ்' என்ற நூல் முக்கியமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: பார்வையாளர் இல்லாத இடத்தில் கலை யாரோடு பேசுகிறது? அவர் கண்ட விடை, கலைஞர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பது. திரைக்குப் பின்னால் உள்ள நாலைந்து பேருக்குள் நடக்கும் வித்துவச் சபை அது. கருடன் வந்து நாகபாசத்தை விடுவிக்கும் இரவும் பட்டாபிஷேக இரவும் விதிவிலக்கு. அன்று ஊர் கூடும்.

இந்த வெறுமையைத் தாங்காதவர்களும் உண்டு. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனார். இருபத்தோரு இரவை ஒரு மணி நேரமாகச் சுருக்கினார். சங்கீத நாடக அகாதமி விருது வந்தது, வெளிநாட்டு மேடைகள் கிடைத்தன. மகன் ராமச்சந்திரப் புலவர் காந்தியின் வாழ்க்கையைப் பாவைக்கூத்தாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே காலகட்டத்தில் அவருடைய மகள் ரஜிதா, பெண்கள் மட்டுமே நடத்தும் கூத்துக் குழுவை உருவாக்கினார். கூத்துமாடத்தில் பெண்கள் ஏறாத மரபில் இது சிறிய காரியமல்ல. பாவையை ஆட்டும் எந்திரக் கைகளும் வந்துவிட்டன.

இவற்றை வரவேற்காமல் இருக்க முடியாது. பருவத்துக் கோயில் வருமானத்தை மட்டும் நம்பி எந்தக் குடும்பமும் பிள்ளைகளை மூவாயிரம் பாட்டு படிக்கவைக்காது. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. மேடைக்கு வந்த ஒரு மணி நேரக் கூத்தில் பார்வையாளர்கள் நிரம்பியிருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டு நாலைந்துதான். கோயிலில் பார்வையாளரே இல்லை. பாட்டு முழுசாக இருக்கிறது. மனிதரைக் கூப்பிட்டால் அவருக்குப் புரியவேண்டும், அலுக்கக்கூடாது, கடைசி பஸ்ஸுக்கு விடவேண்டும். பகவதிக்கு இந்த அவசரம் எதுவுமில்லை. மலையாளம் மட்டும் தெரிந்த ஊரின் நடுவே கம்பனை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது ரசிகர் கூட்டம் அல்ல, அலுத்துக்கொள்ளாத ஒரு தெய்வம். கோயில் இரவுகள் குறைந்துகொண்டே போனால் மிஞ்சும் ஒரு மணி நேரத்தில், தமிழ் வெறும் வாசனையாகத்தான் இருக்கும். இன்றைக்கு முழுக் கூத்தையும் தலைமையேற்று நடத்தக்கூடிய புலவர்கள் மிகச் சிலரே.

தெற்கே இடுக்கியில் இன்னொரு தமிழ்க் காப்பியம் காட்டுக்குள் கூத்தாக வாழ்கிறது. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் இருக்கும் மன்னான் பழங்குடியினர், தங்களுக்கென்று ராஜமன்னான் என்ற அரசரை உடையவர்கள். மதுரையிலிருந்து வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். அறுவடைக்குப் பின் வரும் காலாவூட்டுத் திருவிழாவில் அவர்கள் ஆடும் கூத்தின் கதை கோவலன் கண்ணகி. மதுரை எரிந்த கதையை, மதுரையை விட்டு வந்தவர்கள் பாடுகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து மலைக்குப் போனாள் என்றும், அவள் விண்ணேறியதைக் கண்டு சேரனிடம் சொன்னவர்கள் குன்றத்துக் குறவர்கள் என்றும் சிலப்பதிகாரம் சொல்வதை நினைத்தால் சற்றே உடல் சிலிர்க்கும். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இரு மாநில எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இடிபாடாக நிற்கிறது. ஆண்டில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் வழி திறக்கிறது. அன்று இரண்டு மாநில அதிகாரிகளும் கூட்டம் போட்டு, ஜீப் எத்தனை, போலீஸ் எத்தனை என்று பேசி முடிவுசெய்கிறார்கள்.

பெயர்ந்து போன மக்கள் போன இடத்தில் நாடகக் குழு அமைப்பது புதிதல்ல. சிங்கப்பூரில் ரவீந்திரன் நாடகக் குழு 1988இலிருந்து இயங்குகிறது. ஈழப் போர் துரத்திய தமிழர்கள் டொரண்டோவில் மனவெளி என்ற குழுவைக் கட்டினார்கள். அங்கெல்லாம் எழும் முதல் கேள்வி, அடுத்த தலைமுறைக்கு மொழி புரியுமா என்பது. பாலக்காட்டுக்காரர்கள் அந்தக் கேள்வியை எப்போதோ கடந்துவிட்டார்கள். வீட்டில் மலையாளம் பேசி, மலையாளப் பத்திரிகை படித்து, இரவில் மட்டும் தமிழ் பாடுகிறார்கள். தாய்மொழி என்ற நிலையிலிருந்து தொழில்மொழி, பூஜைமொழி என்ற நிலைக்குத் தமிழ் அங்கே நகர்ந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கம்பன் கழக மேடைகளில் பட்டிமன்றத்துக்குக் கூடும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் கூனத்தறையைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? கோவையிலிருந்து அது அரை நாள் பயணம்கூட இல்லை.

போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போவது நல்லது. எந்தக் கோயிலில் எத்தனை இரவு என்று ஊருக்கு ஊர் மாறுவதால் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். பாய் ஒன்று, கொசுவுக்கு ஏதாவது ஒன்று அவசியம். பட்டாபிஷேகம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். விளக்குகளை அணைத்து, முள்ளைப் பிடுங்கி, இராமனையும் இராவணனையும் பெட்டியில் அடுக்கிவிட்டுப் புலவர்கள் குளிக்கப் போவார்கள். அடுத்த கோயிலில் இரவு மறுபடி பஞ்சவடியிலிருந்து தொடங்கவேண்டும்.