திண்ணைக் கல்வி

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, பழைய நினைவுகளையே எழுதலாமென முதலில் எண்ணினோம். ஆயினும், இக்கல்லூரியிற் கற்றுப் பட்டதாரிகளாகி இன்று ஆசிரியத் தொழிலிற் புகுந்துள்ள இளைஞர் சிலர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினாவொன்று மனத்தை விட்டகலவில்லை. “சேர், கல்வி முதுமாணிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் பாடங்களைத் தனித்தனியே படித்து வைக்கலாமோ? பிறகு அவை கணக்கிலே சேருமோ?” என்பதே அவ்வினா.

படிக்கலாமோ எனின், படிக்கலாம் என்போம். சேருமோ எனின், பணம் கட்டுமுன் எழுத்திற் கேட்டறிக என்போம். இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வீடுகளின் திண்ணை வீதிக்கும் உரியதன்று. வீட்டின் உள்ளுக்கும் உரியதன்று. எம் முன்னோர் அத்திண்ணையிலேயே பள்ளிக்கூடம் நடத்தினர். அனுமதி பெறுமுன் பட்டப்பின் பாடங்களைப் பயில்பவரும் பல்கலைக்கழகத்தின் திண்ணையில் இருப்பவரே. இது இழிவன்று. இந்நாட்டின் உயர்கல்வியே திண்ணையில் தொடங்கியதுதான். 1906 ஆம் ஆண்டு முதலாகப் பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் நடத்தினர். அதன் பயனாக 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பெற்றது. ஆனால் தன் பெயராற் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை. மாணவர் கொழும்பிற் கற்று லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளை எழுதினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை 21 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

விபுலாநந்த அடிகளின் வரலாறும் இதற்குச் சான்றாகும். மயில்வாகனன் என்னும் பெயருடன் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பயின்ற அவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே தாமாகப் பயின்று 1920 இல் லண்டன் விஞ்ஞானமாணித் தேர்விற் சித்தியெய்தினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். திண்ணையில் இருந்தவரே வீட்டுத் தலைவருமானார்.

எனினும் அக்காலத்துக்கும் இக்காலத்துக்கும் வேறுபாடொன்று உண்டு. லண்டன் தேர்வுக்குப் படித்தவர், இன்ன பாடங்களிற் சித்தியெய்தினால் இன்ன பட்டம் என்பதை அச்சிட்ட விதிகளிலிருந்தே முன்கூட்டி அறிந்திருந்தார். இன்று தனிப்பாடம் பயில்பவர்க்கு அத்தெளிவு எப்போதும் கிடைப்பதில்லை.

2013 இல், வெள்ளவத்தையில் வாழும் யாமும் கொட்டாஞ்சேனை நண்பர் இருவரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் கல்வியியற் பாடங்களைக் கொழும்பில் நடத்திய நிறுவனமொன்றிற் சேர்ந்தோம். முதுமாணிக்கு அனுமதி பெறாத நிலையிலேயே கல்வி உளவியல், கலைத்திட்டம், அளவீடும் மதிப்பீடும், ஆராய்ச்சி முறைகள் என நான்கு பாடங்களைச் சனிக்கிழமைகளிற் கற்றோம். ஞாயிறு தோறும் நண்பர்கள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவர். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் மூவரும் இருந்து படிப்போம்.

அப்படிப்பினால் யாம் பெற்ற பயன் பெரிது. வினாவொன்றுக்கு எத்தனை பேர் சரியாக விடையளித்தனர், அவர்களுள் வகுப்பின் மேல்நிலையினர் எத்தனை பேர், கீழ்நிலையினர் எத்தனை பேர் எனப் பிரித்துப் பார்க்கும் முறையை அங்கேதான் கற்றோம். வெளியிலிருந்து வந்த தவணை வினாத்தாளொன்றை அம்முறையாற் சோதித்தபோது, கெட்டிக்கார மாணவரே பெரும்பாலும் தவறிய வினாவொன்று அகப்பட்டது. அவ்வினாவை இருபொருள்பட எழுதியிருந்தனர். குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, வினாவிடமே இருந்தது. அன்று முதல், புள்ளி குறைந்த பிள்ளையை நோக்கும் எமது பார்வை வேறாயிற்று. இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இரண்டு ஆண்டுகளின் பின் முதுமாணிக்கு விண்ணப்பித்தபோது, நான்கு பாடங்களில் இரண்டையே ஏற்றனர். மற்றவற்றின் பாடத்திட்டம் இடையில் மாறிவிட்டதென்றனர். சேரும்போது வாயாற் சொல்லிய உறுதி எவ்விடத்தும் பதியப்பட்டிருக்கவில்லை. யாம் மீண்டும் பணம் கட்டித் தொடர்ந்தோம். பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சுமந்த நண்பரொருவர் அவ்வளவில் நின்றுவிட்டார். அவர் இன்றும் சிறந்த ஆசிரியர். பட்டம் மாத்திரம் கைவரவில்லை. அச்செய்தி கேட்ட மூத்த பழைய மாணவர் ஒருவர், “தம்பி, படிச்ச படிப்பு வீண் போகாது. கட்டின காசுதான் வீண் போகும். எதையும் கடுதாசியிலை வாங்கிப்போட்டுச் சேருங்கோ” என்றார். அதனினும் சுருங்கச் சொல்ல எம்மால் இயலாது.

இன்று படிகள் ஓரளவு தெளிவாக உள்ளன. 2012 இல் வெளிவந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் உயர்கல்வித் தகைமைகளைப் படிகளாக வகுத்து, ஒரு கிறெடிற் என்பது ஏறத்தாழ 50 மணி நேரக் கற்றல் எனக் கணக்கிட்டுள்ளது. பட்டதாரி ஆசிரியருக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவே நேரான படியாகும். அது தானே ஒரு தகைமை, தொழிலுக்கும் உதவும், முதுமாணி வாயிலுக்கும் கொண்டு செல்லும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடமும், 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அதனை நடத்துகின்றன. அமெரிக்காவிலும் பட்டப் பதிவின்றிப் பட்டப்பின் பாடங்களைப் பயிலும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆங்கும் பின்னர் ஏற்கப்படும் பாடங்களுக்குத் தொகை வரம்பும், கால வரம்பும், குறைந்தபட்சத் தரமும் விதிப்பது வழமை.

ஆகவே, தனிப்பாடம் பயில விரும்பும் இளைஞர் நான்கு செய்திகளை எழுத்திற் கேட்டறிக: எத்தனை பாடங்கள் பட்டத்துக்குச் சேரும்? எத்தனை ஆண்டுகள்வரை சேரும்? எந்தத் தரம் பெறல் வேண்டும்? பாடத்திட்டம் மாறினால் முன்பு படித்தது என்னாகும்? விடை வந்தபின் பணம் கட்டுக. விடை தர மறுக்கும் இடத்திற் கற்பது அறிவின் பொருட்டாயின் கற்க. பட்டத்தின் பொருட்டாயின் வேறிடம் நாடுக.

எமது பழைய மாணவர் சங்கத்திற் பல்கலைக்கழக ஆசிரியரும் கல்வி அதிகாரிகளும் பலர் உளர். அவர்கள் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, விண்ணப்பிக்கும் இளைஞரின் கடிதங்களையும் விதிமுறைகளையும் உடனிருந்து பார்த்து உதவுவாராயின், இவ்விழாவின் பயன் விழாவோடு முடியாது. வருங்காலத்தில் எமது மாணவரெவரும் திண்ணையிலேயே நின்றுவிடாது உள்ளே புகுவாராக. கல்லூரி நீடு வாழ்க!