நடக்காத ஆட்டம்

ரக்பி எனக்கு இன்னும் சரியாகப் புரியாது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ரக்பி வீடியோவில் ஆட்டமே கிடையாது.

1981 ஜூலை 25, நியூசிலாந்தின் ஹாமில்டன். சுற்றுப்பயணம் வந்திருக்கும் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக்ஸ், வைகாட்டோ அணியோடு மோத வேண்டிய நாள். நிறவெறி நாட்டோடு விளையாடக் கூடாது என்று நூற்றுக்கணக்கானவர்கள் வேலியைச் சாய்த்து உள்ளே வந்து, மைதானத்தின் நடுவே கைகோத்து நிற்கிறார்கள். கேலரியிலிருந்து பாட்டில்கள் பறக்கின்றன. யாரோ விமானத்தைத் திருடிக்கொண்டு மைதானத்துக்கு வருவதாகத் தகவல் வேறு. ஆட்டம் ரத்து.

முதல் தடவை பார்த்தப்போ நான் பாட்டில் எறிஞ்சவங்க பக்கம். மறைக்க என்ன இருக்கு? காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் என்ன பாவம் பண்ணான், விளையாட்டுல எதுக்குடா அரசியல்னு நண்பனிடம் கத்தினேன்.

"அந்த டீம்ல வெள்ளைக்காரங்க இல்லாதவங்க எத்தனை பேர்?" என்றான்.

தேடினேன். ஆடவந்தவர்களில் ஒரே ஒருத்தர். எரல் டோபியாஸ்.

பதில் அனுப்பவில்லை. செப்டம்பர் 12, ஆக்லாந்து கடைசி டெஸ்ட் வீடியோவைப் போட்டேன். செஸ்னா விமானம் தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களை வீசுகிறது. ஒன்று பட்டு ஒரு நியூசிலாந்து வீரர் விழுகிறார். ஆட்டம் நிற்கவில்லை.

அப்பவும் நான் முதலில் தேடியது ஸ்கோரைத்தான். 25-22, நியூசிலாந்து.