மலிவு அறை, நீண்ட ரயில்

மும்பையில் குறைந்த செலவில் தங்க இடம் தேடுகிறீர்களா? யாராவது ஒருவர் உல்லாஸ்நகரைச் சொல்வார். வாடகை குறைவுதான். ஆனால் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். இது உல்லாஸ் நதியின் பெயர் பெற்ற ஊர். பிரிவினையில் வீடிழந்த சிந்தி அகதிகளை ராணுவ முகாமில் குடியமர்த்திய இடம். 1949இல் இந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

இன்றும் முகவரியில் 'கேம்ப்' எண்தான், ஒன்று முதல் ஐந்து வரை. அறை பிடிக்குமுன் எண்ணைக் கேளுங்கள். முதல் கேம்ப்புக்கு ஷஹாட் ஸ்டேஷன் பக்கம். நான்காம் கேம்ப்புக்கு விட்டல்வாடி.

அடுத்தது தூரம். சி.எஸ்.எம்.டி. நிலையம் சுமார் 58 கி.மீ. காலை நெரிசலில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றபடி பயணம். கல்யாண், அம்பர்நாத் பக்கம் வேலையென்றால் உல்லாஸ்நகர் கச்சிதம். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோயாளியை அழைத்து வருபவருக்கோ அது தண்டனை. அவர்கள் முதலில் தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையை விசாரிக்கலாம். மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவிலும் கேட்கலாம்.

நகருக்குள் வேலை தேடி வருபவருக்கு மாடுங்கா, செம்பூர் பக்கம் ஒரு கட்டில் போதும். மாடுங்கா ஸ்டேஷன் அருகே 1942இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடும் உண்டு.

வாடகையோடு தினமும் ரயிலில் போகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். எது மலிவு என்பது அப்போது புரியும்.