இருட்டில் கற்ற கணக்கு

“பாட்டரி என்றால் பாட்டரிதானே! இதில் உயர்வென்ன, தாழ்வென்ன?” என்று கேட்பவர் பலர். 2023 டிசம்பர் வரை நானும் அந்தக் கட்சிதான்.

மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பள்ளிக்கரணை மிதந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. செல்போனும் உயிரை விட்டது. வெள்ளம் மாடிப்படியில் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது என் பொறுப்பு. நடக்க முடியாத பாட்டியை எப்போது மேலே தூக்கிச் செல்வது என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது. இரண்டாம் நாள் நடுநிசியில் டார்ச் மங்கி அணைந்தது. சிக்கனம் என்று நான் வாங்கிப் போட்ட மலிவு பாட்டரிகள்! தடவித் தடவிச் சென்று, இரண்டு சுவர்க் கடிகாரங்களில் அப்பா போட்டிருந்த ஆல்கலைன் பாட்டரிகளைக் கழற்றி மாட்டினேன். வீட்டில் காலம் நின்றது, வெளிச்சம் நிற்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் காரணத்தைப் படித்தறிந்தேன். இரண்டுக்கும் அழுத்தம் 1.5 வோல்ட்தான். மலிவானது துத்தநாக-கார்பன் வகை. 1866-இல் லெக்லாஞ்சே கண்ட மின்கலத்தின் வாரிசு. பென்சில் அளவில் அதன் கொள்ளளவு சுமார் 1,000 மில்லி ஆம்பியர்-மணி. ஆல்கலைனுக்கோ 2,000-க்கு மேல். மின்னோட்டத்தை அதிகமாக இழுத்தால் முன்னது விரைவில் சோர்ந்துவிடும், பின்னது தாங்கும்.

ஆகவே நண்பர்களே, விலையை மட்டும் பார்க்காதீர்கள்; விலையை உழைக்கும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும் கடிகாரத்துக்கு மலிவானதே போதும். டார்ச்சுக்கும் மோட்டார் பொம்மைக்கும் ஆல்கலைனே உண்மையான சிக்கனம். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக இருந்தது!

இன்னொரு கணக்கும் உண்டு. நகரத்துக் குப்பை பல்லாண்டுகள் குவிந்த பெருங்குடி, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நம் சதுப்பு நிலத்தை ஒட்டியது. தீர்ந்த பாட்டரியைக் குப்பையில் எறிந்தால், அதிலுள்ள உலோகமும் காரமும் சேருமிடம் அதுவே. அவற்றைத் தனியே சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

இவ்வளவையும் பாட்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தானே? இதற்கு இத்தனை படிப்பா, ராசா?” என்றார்.

இப்போது கடிகாரத்தில் மலிவு பாட்டரி ஓடுகிறது. பாட்டியின் தலைமாட்டில் இருக்கும் டார்ச்சில் ஆல்கலைன்.